ஏவி ரிசீவர்: வாங்கும்போது பார்க்க வேண்டியது, வாங்கிய பின் மாற்ற வேண்டியது

ஹோம் தியேட்டர் ரிசீவர் (டிவி, பிளேயரின் ஒலியை வாங்கிப் பல ஸ்பீக்கருக்குப் பிரித்துக் கொடுக்கும் ஆம்ப்) வந்த பெட்டியைத் திருப்பிப் பார்த்தால் இருபது முப்பது முத்திரைகள் வரிசை கட்டி நிற்கும். அதில் பாதி, எல்லாக் கம்பெனி ரிசீவரிலும் இருப்பவை. இன்னொரு பங்கு உங்கள் வீட்டில் ஒருநாளும் பயன்படாதவை. மிஞ்சும் நாலைந்துக்குத்தான் காசு கொடுக்கலாம்: சேனல் எண்ணிக்கை, எச்டிஎம்ஐ போர்ட்டின் வேகம், இ-ஆர்க், அறைத் திருத்தம் (மைக்கால் அறையை அளந்து ஒலியைச் சரிசெய்வது), ப்ரீ-அவுட் (தனி ஆம்புக்குச் சிக்னல் எடுக்கும் பின்). ரிசீவர் வாங்கியும் சத்தம் சரியில்லை என்பவர்களில் பெரும்பாலானோருக்குக் கருவியில் கோளாறு இருக்காது, மெனுவில்தான் இருக்கும்.

இங்கே சொல்லப்படுபவை 12-க்கு 15 அடி ஹால், கான்கிரீட் கூரை, டைல்ஸ் தரை, ஒரு 7.2 சேனல் ரிசீவர் என்ற கணக்கில். அறை பெரிதானால் எண்கள் மாறும், வேலை செய்யும் வரிசை மாறாது.

சேனல் கணக்கு

7.2 என்றால் ஏழு ஸ்பீக்கருக்கு உள்ளேயே ஆம்ப் இருக்கிறது, சப்வூஃபருக்கு இரண்டு பின் இருக்கிறது என்று அர்த்தம். சப்புக்கு ரிசீவருக்குள் ஆம்ப் கிடையாது. அந்தப் பின்னில் வருவது வெறும் சிக்னல். ஆகவே தனக்கென்று மின் இணைப்பு உள்ள ஆக்டிவ் சப்தான் வேண்டும். பழைய 5.1 செட்டோடு வந்த, இரண்டு ஒயர் மட்டும் நீட்டிக்கொண்டிருக்கும் சப்பை இதில் மாட்ட முடியாது. அந்த செட்டின் சின்ன ஸ்பீக்கர்களையும் யோசித்தே மாட்ட வேண்டும்: பின்பக்கம் 3 ஓம், 4 ஓம் என்று போட்டிருந்தால் ரிசீவரின் கையேடு அதை அனுமதிக்கிறதா என்று பாருங்கள். பல மாடல்களுக்கு 6 ஓம்தான் கீழ் எல்லை.

பலரும் இடறுவது அடுத்த இடத்தில். அந்த ஏழு ஆம்பை 7.1 ஆக வைத்துப் பின்பக்கம் கூடுதலாக இரண்டு ஸ்பீக்கர் போடலாம், அல்லது 5.1.2 ஆக வைத்து மேலே இரண்டு போடலாம். இரண்டும் சேர்ந்து வேண்டுமென்றால் ஒன்பது ஆம்ப் உள்ள மாடலுக்குப் போக வேண்டும். சோபா பின்சுவரை ஒட்டிக் கிடக்கும் ஹாலில் 7.1 வீண். பின்னால் ஸ்பீக்கர் வைக்க இடமே இல்லை. வைத்தாலும் பக்கத்து ஸ்பீக்கரிலிருந்து பிரித்துக் கேட்காது. அங்கே 5.1.2, அல்லது மேலே எதுவும் இல்லாத சுத்தமான 5.1.

இந்தத் தேர்வைச் செய்யும் இடம் மெனுவில் 'ஆம்ப் அசைன்'. இரண்டாவது அறைக்குப் பாட்டு அனுப்பும் 'ஸோன் 2', ஒரே ஸ்பீக்கருக்கு இரண்டு ஆம்ப் கொடுக்கும் 'பை-ஆம்ப்' எல்லாம் இங்கேதான் இருக்கும். பை-ஆம்ப் பக்கம் போகவே வேண்டாம். ஏழும் ஒரே பவர் சப்ளையிலிருந்து கறப்பவை, அதனால் காதுக்கு எந்த லாபமும் இல்லை.

'.2' என்பதிலும் ஒரு சூட்சுமம். விலை குறைந்த மாடல்களில் இரண்டு சப் பின்னுக்கும் போவது ஒரே சிக்னல். ஒரு ஒய் கேபிள் செய்யும் வேலைதான் அது. இரண்டு சப்புக்கும் தூரத்தையும் அளவையும் தனித்தனியாக வைக்க முடிகிறதா என்று கையேட்டில் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

வாட் கணக்கு

ரிச்சி ஸ்ட்ரீட்டில் அசெம்பிள் செய்து விற்கும் ஆம்பின் மேல் '5000 வாட் பிஎம்பிஓ' என்று இருந்தால் சிரித்துவிட்டு நகர்கிறோம். பெரிய கம்பெனி ரிசீவரின் எண்ணை மட்டும் அப்படியே நம்பிவிடுகிறோம். ஒரே கருவிக்கு ஓரிடத்தில் 80 வாட் என்றும் வேறிடத்தில் 140-க்கு மேலும் போட்டிருப்பார்கள். இரண்டுமே பொய்யில்லை. பெரிய எண்ணுக்குக் கீழே பொடி எழுத்தில் '6 ஓம், 1000 ஹெர்ட்ஸ், ஒரு சேனல்' என்று இருக்கும். டிஸ்டார்ஷன் அளவையும் அங்கே தளர்த்தியிருப்பார்கள். ஒப்பிட வேண்டியது '8 ஓம், 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ், இரண்டு சேனல் இயங்கும்போது' என்று கொடுத்திருக்கும் எண்ணை மட்டும். ஏழும் ஒரே நேரத்தில் முழு வேகத்தில் ஓடினால் அதுவும் இறங்கும்.

இறங்கினால் என்ன? கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஸ்பீக்கரின் சென்சிடிவிட்டி 88 டெசிபல் என்று வையுங்கள்: 1 வாட் கொடுத்தால் 1 மீட்டரில் 88. சோபா 3 மீட்டர் தள்ளி இருந்தால் வீட்டு அறையில் ஏறக்குறைய 6 டெசிபல் போய் 82 மிஞ்சும். ரிசீவரின் வால்யூமில் 0 என்பது திரையரங்கு அளவு, உச்சம் 105 டெசிபல்; அதை -15-ல் வைத்துப் படம் பார்த்தால் ஒரு ஸ்பீக்கரிலிருந்து சோபாவுக்கு வரும் உச்ச சத்தம் 90 டெசிபல். அந்த 8 டெசிபல் வித்தியாசத்துக்குத் தேவை 6 அல்லது 7 வாட்தான். அடுக்குமாடி வீட்டில் -15 வைத்தாலே கீழ்வீட்டுக்காரர் படியேறி வருவார். 80 வாட்டுக்கும் 100 வாட்டுக்கும் உள்ள வித்தியாசம் 1 டெசிபல்கூட இல்லை. சத்தம் 3 டெசிபல் கூட வேண்டுமானால் வாட்டை இரட்டிப்பாக்க வேண்டும். ஆக, 80-லிருந்து 100-க்கு ஏறக் கேட்கும் பணத்தைச் சப்வூஃபரில் போடுங்கள்.

கணக்கு மாறுவது இரண்டு சமயத்தில்: 4 ஓம் ஸ்பீக்கர், அல்லது 83, 84 டெசிபல் சென்சிடிவிட்டி உள்ள ஸ்பீக்கர். அப்போது ப்ரீ-அவுட் உள்ள ரிசீவரை எடுத்தால், பின்னாளில் முன் ஸ்பீக்கர்களுக்குத் தனி பவர் ஆம்ப் போட வழி இருக்கும். மெனுவில் ஓம் அளவை 8-லிருந்து 4-க்கு மாற்றும் வசதி சிலவற்றில் உண்டு. அது ஆம்பின் வெளியீட்டை அடக்கிச் சூட்டைக் குறைப்பதற்கானது, சத்தத்துக்கு நல்லதல்ல. கையேடு கட்டாயம் என்று சொன்னாலொழிய 8-லேயே விட்டுவிடலாம்.

எச்டிஎம்ஐயும் இ-ஆர்க்கும்

'எச்டிஎம்ஐ 2.1' என்ற முத்திரை மட்டும் எதையும் உறுதி செய்யாது. போர்ட்டின் வேகம் எவ்வளவு, எத்தனை போர்ட்டில் என்பதைப் பாருங்கள். பழைய 2.0 போர்ட்டின் உச்சம் 18 ஜிகாபிட். 4கே படம் 60 பிரேம் வரை அதுவே போதும். ஓடிடியும் ப்ளூ-ரேயும் பார்ப்பவருக்கு 2.1 தேவையில்லை. கேம் ஆடுபவருக்குத்தான் 4கே 120 பிரேம் வேண்டும். பிளேஸ்டேஷன் 5 அதற்கு 32 ஜிகாபிட் வரை அனுப்பும், எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ் 40 வரை. ரிசீவரின் போர்ட் 24 ஆக இருந்தால் படம் வரலாம், ஆனால் நிற விவரம் குறையும். கன்சோலை நேரே டிவியில் மாட்டிவிட்டு ஒலியை மட்டும் இ-ஆர்க்கில் ரிசீவருக்கு எடுப்பது இதற்கு மலிவான தீர்வு.

வேகமான போர்ட் இருந்தும் டிவியில் 4கே எச்டிஆர் வரவில்லை என்றால் இரண்டு இடத்தில் பாருங்கள். ரிசீவரில் '4கே சிக்னல் ஃபார்மட்' என்ற அமைப்பு 'ஸ்டாண்டர்ட்' என்று கிடக்கும். அதை 'என்ஹான்ஸ்டு' ஆக்க வேண்டும். டிவியிலும் அந்தப் போர்ட்டுக்கு மட்டும் இதே மாதிரி ஒரு சுவிட்ச் இருக்கும். ஒன்றை மாற்றி மற்றதை விட்டால் பலன் இல்லை.

இ-ஆர்க் என்பது டிவியின் ஒலியை அதே கேபிள் வழியே ரிசீவருக்குத் திரும்பக் கொண்டுவரும் வழி. பழைய ஆர்க்கில் ஓடிடியின் அட்மாஸ் (மேலிருந்தும் ஒலி வரும் டால்பி முறை) வரும், ப்ளூ-ரேயின் ட்ரூஎச்டி (தரம் குறையாமல் சுருக்கிய டால்பி ஒலி) வராது. இ-ஆர்க் 37 மெகாபிட் வரை தாங்கும், எல்லாமே வரும். ஆப்டிகல் கேபிளில் பழைய டால்பி டிஜிட்டல், டிடிஎஸ் 5.1-ஐத் தாண்டி எதுவும் போகாது, அட்மாஸுக்கு அதை மறந்துவிடுங்கள்.

கேபிளில் 'அல்ட்ரா ஹை ஸ்பீட்' என்ற சான்று ஸ்டிக்கர் இருக்கிறதா என்று பாருங்கள். 48 ஜிகாபிட்டுக்குச் சோதிக்கப்பட்டது அது. செம்புக் கேபிளில் 5 மீட்டரைத் தாண்டினால் சிக்கல் தொடங்கும். ப்ரொஜெக்டர் வரை 10 மீட்டர் போக வேண்டுமானால் ஆப்டிகல் ஃபைபர் எச்டிஎம்ஐ கேபிள். அதற்குத் திசை உண்டு: ஒரு முனையில் 'சோர்ஸ்', மறுமுனையில் 'டிஸ்ப்ளே' என்று போட்டிருக்கும். சுவருக்குள் குழாயில் இழுத்து, பூச்சு வேலையும் முடித்த பிறகுதான் தலைகீழாகப் போட்டிருக்கிறோம் என்று தெரியவந்தால் செலவு அதிகம். இழுக்குமுன் வெளியே வைத்து ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிடுங்கள். இ-ஆர்க்கும் அதில் திரும்பி வருகிறதா என்று அப்போதே பார்க்கலாம்.

கரண்ட், காற்று, ஒயர்

அமெரிக்காவிலிருந்து உறவினர் கொண்டுவரும் ரிசீவர் பெரும்பாலும் 120 வோல்ட் மட்டும். இங்கே 230-ல் சொருகினால் பவர் சப்ளை அந்த நொடியே போய்விடும், வாரண்டியும் இங்கே செல்லாது. பின்பக்கத் தகட்டில் வோல்ட் அளவைப் படிக்காமல் ப்ளக்கைத் தொடாதீர்கள்.

ரிசீவர் சும்மா ஓடும்போதே 40, 50 வாட் இழுத்துச் சூடாகும். மேலே குறைந்தது 10 முதல் 15 செ.மீ. இடைவெளி விடுங்கள். கதவு போட்ட டிவி கேபினெட்டுக்குள் வைத்துப் பூட்டினால் மே மாதத்தில் தானாகவே அணைந்து போகும். செட்-டாப் பாக்ஸை ரிசீவரின் தலைமேல் வைப்பது பல வீடுகளில் வழக்கம், இரண்டுக்கும் கேடு.

வீட்டு இன்வெர்ட்டர் சதுர அலை வகையாக இருந்தால் ரிசீவரை அந்த லைனில் போடாதீர்கள். டிரான்ஸ்ஃபார்மர் ரீங்கரிக்கும், சூடும் ஏறும்.

ஸ்பீக்கர் ஒயருக்கு அலங்காரப் பெயர் தேவையில்லை. 1.5 ஸ்கொயர் எம்.எம். சுத்தச் செம்பு, நெகிழ்வான பல இழை ஒயர் போதும். 10 மீட்டர் தூரத்துக்குப் போக வர 20 மீட்டர், மின்தடை 0.23 ஓம்தான். 8 ஓம் ஸ்பீக்கருக்கு அது பொருட்டே அல்ல. 4 ஓம் என்றாலோ 15 மீட்டருக்கு மேல் என்றாலோ 2.5 எடுங்கள். செம்பு முலாம் பூசிய அலுமினிய ஒயரை மலிவு என்று தலையில் கட்டுவார்கள். முனையைக் கத்தியால் சுரண்டிப் பாருங்கள், உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அதுதான். அதே தடிமனில் அதன் மின்தடை ஒன்றரை மடங்கு.

ஒயரின் தோலை ஒரு செ.மீ. அளவுக்கு உரித்து, இழைகளை இறுக்கி முறுக்கி, திருகுள்ள பனானா பின்னுக்குள் விட்டு முடுக்குங்கள். சிவப்பு முனைக்கும் கறுப்பு முனைக்கும் நடுவே தலைமுடி அளவு ஓர் இழை நீட்டிக்கொண்டிருந்தாலும் ஷார்ட் ஆகும். ரிசீவர் உடனே அணைந்து சிவப்பு விளக்கை மினுக்கும். ஒயர் மாட்டும்போது ரிசீவரின் ப்ளக் சுவரில் இருக்கவே கூடாது.

சுவருக்குள் ஓடும் ஒயரில் எது சிவப்பு, எது கறுப்பு என்று குழம்பினால், ஸ்பீக்கர் பக்கம் மாட்டிய ஒயரின் மறுமுனையை 1.5 வோல்ட் பென்டார்ச் செல்லில் ஒரு கணம் தொட்டு எடுங்கள். பிளஸ் சரியாக இருந்தால் வூஃபர் கோன் வெளியே தள்ளும், தலைகீழானால் உள்ளே இழுக்கும். இந்தச் சோதனையையும் ரிசீவரிலிருந்து ஒயரைக் கழற்றிவிட்டுத்தான் செய்ய வேண்டும். ஒரு பக்கம் மட்டும் மாறிப்போனால் பாஸ் மெலிந்து, நடுவில் கேட்க வேண்டிய குரல் அறை முழுக்கச் சிதறிக் கேட்கும்.

ஸ்பீக்கரும் மின்விசிறியும்

முன் ஸ்பீக்கர் இரண்டும் உட்காரும் இடத்திலிருந்து இருபுறமும் 22 முதல் 30 டிகிரி. பக்கத்து ஸ்பீக்கர்கள் காதுக்கு நேராகவோ சற்றுப் பின்னாலோ, 90 முதல் 110 டிகிரிக்குள். சென்டர் ஸ்பீக்கரை டிவி ஷெல்ஃபின் உள்ளே தள்ளி வைக்காதீர்கள். பலகையின் முன்விளிம்புக்கு இழுத்து, முகம் காதை நோக்கும்படி அடியில் ஒரு ரப்பர் துண்டைக் கொடுத்துச் சாய்த்து வையுங்கள். வசனம் புரியவில்லை என்ற புகாரில் பாதி இதிலேயே தீரும்.

அட்மாஸ் 2012-ல் திரையரங்குக்கும் 2014-ல் வீட்டு ரிசீவருக்கும் வந்தது. மேலிருந்து ஒலி வர வேண்டும் என்பதுதான் அதன் சாரம், நம் வீடுகளில் சங்கடம் கூரையில்தான். கான்கிரீட் தளத்தில் குழி எடுத்து ஸ்பீக்கர் புதைக்க முடியாது. ஃபால்ஸ் சீலிங் இருந்தால் எளிது. இல்லையென்றால் பிராக்கெட் போட்டுக் கூரையிலேயே தொங்கவிடலாம்: உட்காரும் இடத்துக்கு நேர் மேலேயோ சற்று முன்னாலோ, காதிலிருந்து பார்த்தால் 65 முதல் 100 டிகிரி உயரத்தில். அதுவும் வேண்டாமென்றால் முன்சுவரின் உச்சியில் கீழ்நோக்கிச் சாய்த்து 'ஃப்ரண்ட் ஹைட்' ஆக வைக்கலாம்.

முன் ஸ்பீக்கரின் தலையில் உட்கார்ந்து கூரையில் மோதவிடும் மேல்நோக்கு ஸ்பீக்கர்களைக் கடைக்காரர் முதலில் காட்டுவார். 10 அடி உயரக் கான்கிரீட் கூரை அதற்கு நன்றாகவே எதிரொலிக்கும். ஆனால் ஒலி மோத வேண்டிய இடம் ஸ்பீக்கருக்கும் சோபாவுக்கும் நடுவில், அதாவது ஏறத்தாழ மின்விசிறி தொங்கும் இடத்தில். சுழலும் இறக்கை உயர் ஒலியை வெட்டி வெட்டி அனுப்பும். ஏசி போட்டு விசிறியை நிறுத்திப் பார்க்கும் வீட்டில் மட்டும் இந்த வகையை எடுங்கள். எதை மாட்டினாலும் மெனுவில் அதே வகையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கூரையில் தொங்கும் ஸ்பீக்கருக்கு 'டால்பி எனேபிள்டு' என்று கொடுத்தால் மேல்நோக்கு ஸ்பீக்கருக்கான வடிகட்டல் இதற்கும் போட்டு ஒலி கெட்டுவிடும்.

அறைத் திருத்தம்: அரை மணி நேர வேலை

டெனான், மராண்ட்ஸில் ஆடிஸி, யமஹாவில் ஒய்பிஏஓ, சோனியில் டிசிஏசி. டிராக் லைவ் என்பது ஆன்கியோவின் ஆர்இசட் வரிசையில் சேர்ந்தே வரும், டெனான், மராண்ட்ஸ் சில மாடல்களில் தனியே பணம் கட்டிப் போட்டுக்கொள்ளலாம். ரிசீவர் வாங்குவதற்கு உண்மையான காரணமே இதுதான், மற்றதெல்லாம் இதற்குப் பிறகு.

காரணம் அறையில் இருக்கிறது. எதிரெதிர்ச் சுவர்களுக்கு நடுவே பாஸ் அலை சிக்கிக்கொண்டு சில சுருதிகளில் மட்டும் பெருகும். 12 அடி அகலத்துக்கு 47 ஹெர்ட்ஸ், 15 அடி நீளத்துக்கு 38 ஹெர்ட்ஸ், 10 அடி உயரத்துக்கு 56 ஹெர்ட்ஸ். வெளிநாட்டு மரச் சட்டச் சுவர்கள் கொஞ்சம் அசைந்து பாஸை விழுங்கும். செங்கல்லும் கான்கிரீட்டும் விழுங்காது, அதனால் நம் ஹாலில் இந்த 'கும்' இன்னும் முரட்டுத்தனமாக இருக்கும். அறைத் திருத்தம் இந்த மேடுகளைத் தட்டிச் சமன் செய்யும். பள்ளத்தை அதனால் நிரப்ப முடியாது. உட்காரும் இடத்தில் பாஸே கேட்கவில்லை என்றால் சப்பைத்தான் நகர்த்த வேண்டும். சப்பைச் சோபாவின் மேல் தூக்கி வைத்து, பாஸ் நிறைந்த ஒரு பாட்டை ஓடவிட்டு, சுவரோரமாகத் தவழ்ந்து போய்க் கேளுங்கள். எங்கே சீராகக் கேட்கிறதோ அங்கே சப்பை வையுங்கள். பார்ப்பவர்களுக்கு வேடிக்கையாக இருக்கும், ஆனால் இதைவிட நல்ல வழி இல்லை.

அளக்கத் தொடங்குமுன் சப்பின் பின்னால் உள்ள திருகுகள்: கிராஸ்ஓவரை (எந்த ஹெர்ட்ஸுக்குக் கீழே சப் ஒலிக்க வேண்டும் என்ற எல்லை) உச்சத்துக்கு அல்லது 'எல்எஃப்இ'க்கு (படத்தின் தனி பாஸ் தடம்), ஃபேஸ் 0, ஆட்டோ ஸ்டாண்ட்பை ஆஃப், வால்யூம் பாதியில். கிராஸ்ஓவரைக் கீழே விட்டால் ரிசீவரும் சப்பும் இரண்டு தடவை வடிகட்டி, நடுவில் ஓட்டை விழும்.

பிறகு:

1. ஏசி, விசிறி, முடிந்தால் ஃப்ரிட்ஜ் எல்லாவற்றையும் நிறுத்துங்கள். சமையலறையில் குக்கர் இல்லாத நேரமாகப் பாருங்கள். நடுவில் ஒரு விசில் வந்தால் அந்த அளவு குப்பை.
2. மைக்கைக் கேமரா ஸ்டாண்டில் போட்டுக் காது உயரத்தில், முனை கூரையைப் பார்க்கும்படி நிறுத்துங்கள். கையில் பிடிக்கவோ சோபா முதுகில் படுக்க வைக்கவோ கூடாது.
3. முதல் இடம், நீங்கள் வழக்கமாக உட்காரும் இடம். தூரமும் சத்த அளவும் இதை வைத்துத்தான் கணக்கிடப்படும்.
4. ஆடிஸி முதலில் சப்பின் அளவைக் கேட்கும். சப்பின் திருகால் 75 டெசிபலுக்குக் கொண்டுவாருங்கள்.
5. அடுத்த இடங்களை முதல் இடத்தைச் சுற்றி அரை மீட்டருக்குள் வையுங்கள். சுவரிலிருந்து ஒரு முழமாவது தள்ளியிருக்கட்டும். எட்டு இடம் கேட்டால் எட்டையும் அளந்துவிடுங்கள். மூன்றோடு நிறுத்தினால் ஓரிடத்துக் குறையை அறை முழுக்கத் திருத்தி வைக்கும்.

'ஃபேஸ்' பிழை என்று திரையில் வந்தால் அந்த ஸ்பீக்கரின் ஒயரைப் பாருங்கள். சிவப்பு கறுப்பு சரியாக இருந்தால் 'ஸ்கிப்' கொடுத்து மேலே போகலாம், சில ஸ்பீக்கர்களின் உள்கட்டமைப்பே அப்படிக் காட்டவைக்கும்.

முடிந்ததும் கையால் மாற்ற வேண்டியவை

இதைச் செய்யாமல் விடுவதுதான் மிகவும் பரவலான தவறு. முன் ஸ்பீக்கர் கொஞ்சம் பெரிதாக இருந்தால் ரிசீவர் அதை 'லார்ஜ்' என்று எழுதி வைத்துவிடும். அதற்கு அர்த்தம், அந்த ஸ்பீக்கரின் பாஸ் எதுவும் சப்புக்குப் போகாது. எல்லாவற்றையும் 'ஸ்மால்' ஆக்கி, கிராஸ்ஓவரை 80 ஹெர்ட்ஸில் வையுங்கள். ரிசீவரே 100, 120 என்று வைத்திருந்தால் அதைக் கீழே இறக்காதீர்கள், அந்தச் சின்ன ஸ்பீக்கரால் முடியாது என்று அளந்துதான் சொல்கிறது. 40, 60 என்று இருப்பதை மட்டும் 80-க்கு ஏற்றுங்கள். 'சப்வூஃபர் மோட்' 'எல்எஃப்இ' ஆக இருக்கட்டும். 'எல்எஃப்இ + மெயின்' பாஸை இரண்டு இடத்திலிருந்து அனுப்பிக் குழப்பும். 'எல்எஃப்இ லோ-பாஸ்' 120 ஹெர்ட்ஸ்.

சப்பின் அளவு -12 என்று கடைசிப் படியில் போய் நின்றிருந்தால் சப்பின் திருகு அதிகம் திறந்திருக்கிறது என்று பொருள். ரிசீவர் அதற்குமேல் குறைக்க வழியில்லாமல் நின்றுவிட்டது. திருகைக் குறைத்து மறுபடி அளக்க வேண்டும்.

ஆடிஸியில் 'டைனமிக் ஈக்யூ' என்று ஒன்று உண்டு. சத்தத்தைக் குறைக்கும்போது காதுக்குப் பாஸ் முதலில் மங்கும், அதை இது ஈடுசெய்யும். இரவில் மெதுவாகப் பார்ப்பவருக்கு நல்ல துணை. ஆனால் பக்கத்து ஸ்பீக்கரையும் கூடத் தூக்கிவிடும். டிவி நிகழ்ச்சியும் பாட்டும் ஓடும்போது 'ரெஃபரன்ஸ் லெவல் ஆஃப்செட்'டை 10 அல்லது 15 ஆக்கினால் அடங்கும். படத்துக்கு 0 அல்லது 5.

வசனம் மெதுவாகவும் சண்டை காதைக் கிழிப்பதாகவும் இருக்கிறதா? சென்டர் அளவை மட்டும் 2 அல்லது 3 டெசிபல் ஏற்றிப் பாருங்கள். போதாவிட்டால் இரவுக்கு 'டைனமிக் ரேஞ்ச் கம்ப்ரெஷன்'. அது ஆளில்லாமல் 'ஆட்டோ'வில் கிடந்தால், பகலிலும் படத்தின் ஏற்ற இறக்கத்தைத் தட்டையாக்கிவிடும். முழு வீச்சில் கேட்க வேண்டிய நேரத்தில் ஆஃப் செய்யுங்கள். டைல்ஸ் தரையின் எதிரொலிக்கு எந்த மெனுவும் மருந்தல்ல. சோபாவுக்கும் டிவிக்கும் நடுவில் ஒரு தடித்த விரிப்பும் ஜன்னலுக்குக் கனத்த திரையும் போட வேண்டும்.

வீட்டில் குழந்தைகள் இருந்தால் 'வால்யூம் லிமிட்' போட்டுவிடுங்கள்.

என்ன ஓடுகிறது என்று ரிசீவரையே கேளுங்கள்

ரிமோட்டின் 'இன்ஃபோ' பொத்தானை அழுத்தினால் உள்ளே வரும் சிக்னல் என்ன, வெளியே போவது என்ன என்று திரையில் வரும். அட்மாஸ் படம் ஓடுகிறது என்று நினைத்துக்கொண்டிருக்கும்போது அங்கே 'பிசிஎம் 2.0' என்று இருந்தால் டிவி எல்லாவற்றையும் ஸ்டீரியோவாக நசுக்கி அனுப்புகிறது. டிவியின் ஒலி வெளியீட்டை 'பாஸ் த்ரூ' அல்லது 'ஆட்டோ' ஆக்குங்கள். நெட்ஃபிளிக்ஸில் அட்மாஸுக்குப் பிரீமியம் திட்டம் வேண்டும். அந்தப் படத்தின் ஆங்கிலத் தடத்தில் அட்மாஸ் இருந்து, தமிழ்த் தடத்தில் 5.1 மட்டும் இருப்பதும் சாதாரணம். மொழியை மாற்றிய நொடி ரிசீவர் திரையில் எழுத்து மாறுவதைப் பார்க்கலாம்.

பென்டிரைவ் படம் டிவியில் ஓடும், சத்தம் மட்டும் வராது. அது பெரும்பாலும் டிடிஎஸ் தடம். பல டிவிகள் அதைத் தாங்களும் படிக்காது, ரிசீவருக்கும் கடத்தாது. டிடிஎஸ் கடத்தும் மீடியா பிளேயரை நேரே ரிசீவரின் எச்டிஎம்ஐயில் மாட்டினால் தீர்ந்தது.

ஸ்டீரியோவாக வரும் நிகழ்ச்சியை மேல் ஸ்பீக்கர் வரை பரப்புவது 'டால்பி சரவுண்ட்'. கிரிக்கெட்டுக்கும் பழைய படத்துக்கும் நன்றாக இருக்கும். பாட்டுக்கு 'ஸ்டீரியோ' போதும். 'டைரக்ட்', 'ப்யூர் டைரக்ட்' என்று போட்டதும் பாஸ் காணாமல் போனால் பதற வேண்டாம்: பல ரிசீவர்களில் அந்த முறை அறைத் திருத்தத்தையும் கிராஸ்ஓவரையும் தாண்டிப் போகிறது, சப் சும்மா உட்கார்ந்திருக்கும்.

தகராறு வந்தால்

ஆர்க் வேலை செய்யவில்லை: கேபிள் டிவியில் 'ஆர்க்' என்று எழுதிய அந்த ஒரு போர்ட்டில்தான் இருக்கிறதா, ரிசீவரில் 'மானிட்டர் அவுட் 1'-ல் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பிறகு இரண்டிலும் எச்டிஎம்ஐ கன்ட்ரோல் ஆன். சாம்சங்கில் இதன் பெயர் அனிநெட் பிளஸ், எல்ஜியில் சிம்ப்லிங்க், சோனியில் பிராவியா சிங்க். அப்படியும் வராவிட்டால் இரண்டின் ப்ளக்கையும் சுவரிலிருந்து பிடுங்கி ஐந்து நிமிடம் விட்டு, டிவியை முதலில் போடுங்கள். ரிமோட்டில் அணைப்பது போதாது.

உதட்டசைவுக்குப் பின்னால் குரல் வருகிறது: ரிசீவரால் ஒலியைத் தாமதப்படுத்த முடியும், முன்னே இழுக்க முடியாது. 'ஆடியோ டிலே'யை 0 ஆக்கிப் பாருங்கள். போதாவிட்டால் பிளேயரை டிவி வழியாக அல்லாமல் நேரே ரிசீவரில் மாட்டுங்கள். குரல் முன்னால் வந்தால் எளிது, டிலேயை 20 மில்லிசெகண்ட் படிகளாக ஏற்றினால் ஓரிடத்தில் பொருந்தும்.

ஸ்பீக்கரில் 'ம்ம்ம்' என்ற 50 ஹெர்ட்ஸ் இரைச்சல்: கேபிள் டிவியின் கோஆக்சியல் ஒயரை செட்-டாப் பாக்ஸிலிருந்து கழற்றிப் பாருங்கள். நின்றுபோனால் எர்த் வழியே சுற்றி வருகிறது. டிவி, ரிசீவர், பாக்ஸ், சப் நான்கையும் ஒரே சாக்கெட் வரிசைக்குக் கொண்டுவாருங்கள், கேபிளுக்கு ஒரு ஐசொலேட்டர் போடுங்கள். இரைச்சலை நிறுத்த எர்த் பின்னை வெட்டுவது உயிருக்கு ஆபத்து, அதை யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

அணைந்து சிவப்பு விளக்கு மினுக்கினால் திரும்பத் திரும்ப ஆன் செய்யாதீர்கள். ப்ளக்கைப் பிடுங்கி, எல்லா ஸ்பீக்கர் ஒயரையும் கழற்றி, வெறுமனே ஆன் செய்து பாருங்கள். ஓடினால் கோளாறு ஒயரிலோ ஸ்பீக்கரிலோ. ஒவ்வொன்றாக மாட்டினால் ஆள் அகப்படும். ஒவ்வொரு தடவையும் ப்ளக்கைப் பிடுங்கிய பிறகே மாட்ட வேண்டும். ஒயரே இல்லாமலும் மினுக்கினால் சர்வீஸ் சென்டர்தான்.

ஃபர்ம்வேர் அப்டேட்டை மின்வெட்டு அறிவித்த நாளில் தொடங்காதீர்கள். பாதியில் கரண்ட் போனால் ரிசீவர் எழாமலே போகலாம். எல்லாவற்றையும் அழிக்கும் 'ஃபேக்டரி ரீசெட்' கொடுக்கும் முன் ஸ்பீக்கர் தூரம், அளவு, கிராஸ்ஓவர் பக்கங்களை மொபைலில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அந்த எண்களைப் பிறகு கையால் போட்டுவிடலாம். அறைத் திருத்தத்தின் வடிகட்டல் மட்டும் திரும்ப வராது, அதற்கு மைக்கை மறுபடி எடுக்க வேண்டியதுதான்.